காருக்குள் கடகடப்பு: கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கொஞ்ச நேரத்துக்குள் மூன்று விதமான சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம். குடியிருப்புத் தெருக்களில் பேவர் பிளாக் கல்லோ ஒட்டுப்போட்ட சிமென்டோ இருக்கும். மெதுவாகப் போனாலும் வண்டி விடாமல் உதறும். தேனி மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஒதுங்கி, பிரேக் போட்டு, கியர் மாற்றி மாற்றிப் போக வேண்டும். சமயநல்லூரிலிருந்து கப்பலூர் போகும் நான்கு வழிச்சாலையில் ஏறிவிட்டால் வண்டி ஒரே வேகத்தில் ஓடும். காருக்குள் எங்கோ கடகடக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, இந்த மூன்றில் எதில் அது கேட்கிறது என்பதைத்தான்.

பலர் இதைச் செய்வதில்லை. சத்தம் பொறுக்க முடியாமல் போனதும் டேஷ்போர்டைக் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே ஒன்றிரண்டு உடையும். உடைந்த இடத்தில் பேனல் இறுக்கமாக உட்காராது. ஒரு சத்தத்தைத் தேடப் போய்ப் புதிதாக இரண்டு சத்தம் சேர்ந்துகொள்ளும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. ஒட்டுவதும் இறுக்குவதும் மீதிக் கால்வாசி.

"சின்னச் சத்தம்தானே, பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டால் போகிறது" என்று விடுவதும் சரியல்ல. பார்சல் ட்ரே கடகடப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை, உண்மை. ஆனால் அந்தக் கடகடப்புக்குப் பழகிய காதுக்கு, முன் சக்கரத்தில் லிங்க் ராடு தேய்ந்து 'டக்' என்று தட்டுவதும், வீல் நட் தளர்ந்து ஆடுவதும் அதே கூச்சலோடு கலந்துவிடும். தீங்கில்லாத சத்தத்தை நீக்க வேண்டியதே, தீங்கான சத்தம் வரும் நாளில் அது தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முதல் வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு போட்டிருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐக்குள். அதைவிடக் கூடுதலாக அடித்திருந்தால் டயர் கல்லுப்போல் இறுகி, சாலையின் ஒவ்வொரு உதறலையும் அப்படியே உள்ளே அனுப்பும். வண்டி ஓடிச் சூடான டயரில் காற்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏறிக் காட்டும் என்பதால், காலையில் வண்டி எடுத்தவுடன் பார்ப்பதே சரியான அளவு. காற்றைச் சரிசெய்ததுமே பாதிச் சத்தம் அடங்கிவிடும் வண்டிகள் நிறைய உண்டு.

அடுத்தது, காரைக் காலி செய்வது. குளோவ் பாக்ஸில் ஆர்சி புத்தகத்தோடு கிடக்கும் டார்ச், கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், கியர் பக்கத்துக் குழியில் சில்லறை, கண்ணாடிக் கூட்டில் பழைய மூக்குக் கண்ணாடி, சீட்டுக்கு அடியில் குடை, டேஷ்போர்டு மேல் ஒட்டிய பிள்ளையார், பின்கண்ணாடியில் தொங்கும் மணி, டிக்கியில் கோயிலுக்குக் கொண்டுபோய் மறந்துபோன எவர்சில்வர் தூக்கு என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மிதியடிகளையும் எடுத்து உதறுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பார்த்து, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அவற்றுக்கான பிடியில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பஞ்சர் போட்ட பிறகு ஸ்டெப்னியின் நடு போல்ட்டை முழுதாகத் திருகாமல் விட்டிருப்பது மிகச் சாதாரணம். காலி வண்டியை அதே தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால், மிச்சமிருக்கும் சத்தம்தான் வண்டியின் சொந்தச் சத்தம்.

இனி அந்தச் சத்தத்துக்கு மூன்று கேள்விகள். இன்ஜினோடு வருகிறதா, சக்கரத்தோடு வருகிறதா, சாலையோடு வருகிறதா?

நிறுத்திய வண்டியில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'ஜர்ர்' என்று எழுந்து, இன்னும் மிதித்தால் அடங்குகிறது என்றால் அது இன்ஜின் அதிர்வோடு ஒத்து ஆடும் ஏதோ ஒரு பொருள். ஆல்ட்டோ, டியாகோ போன்ற நம்முடைய பல சின்னக் கார்களில் மூன்று சிலிண்டர் இன்ஜின். நான்கு சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு நான்கு முறை எரிந்தால், இது மூன்று முறை எரியும். நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் மூன்று சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. 1,800 சுற்றில் 45 முறை. ஒவ்வொரு தகட்டுக்கும் மூடிக்கும் அதன் எடைக்கும் பிடிப்புக்கும் ஏற்ற ஒரு சொந்தத் துடிப்பு உண்டு. இரண்டும் பொருந்தும் வேகத்தில் அது பெரிதாக ஆடும். வேகம் மாறினால் விட்டுவிடும். அதனால் எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது என்பதை மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய மிக உருப்படியான தகவல் அது.

கியர் எதுவானாலும், வண்டி வேகத்துக்கு ஏற்பத் தாளம் தப்பாமல் 'டிக் டிக்' என்று வந்தால் சக்கரம். சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு மூன்று சுற்று, காதால் எண்ணிவிடலாம். பெரும்பாலும் டயர் வரியில் செருகிய ஜல்லி, அல்லது வீல் கப்புக்குள் விழுந்த கல். சிறு ஸ்க்ரூ டிரைவரால் ஜல்லியை நெம்பி எடுத்துவிடலாம். அது கல் இல்லாமல் ஆணியாக இருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். பஞ்சர் கடைக்குப் போய்ப் பிடுங்குங்கள்.

இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் எப்படி இருந்தாலும், பள்ளத்திலும் பேவர் பிளாக்கிலும் மட்டும் வந்தால் ஏதோ ஒன்று தளர்ந்து, இன்னொன்றின் மேல் மோதுகிறது. அல்லது இரண்டு பரப்புகள் உரசுகின்றன. மோதினால் 'கடகட', உரசினால் 'கிறீச்', 'கிர்ர்'. உரசலில் நடப்பது இதுதான்: ஒரு பிளாஸ்டிக் இன்னொன்றைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் கூடியதும் சட்டென்று வழுக்கும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல நூறு முறை இப்படிப் பிடித்து வழுக்குவதுதான் நம் காதில் கிறீச்சிடலாகக் கேட்கிறது. மோதலுக்கு மருந்து இறுக்குவதும் நடுவில் மெத்தை வைப்பதும். உரசலுக்கு மருந்து நடுவில் வழுக்கும் துணி வைப்பது. இரண்டையும் மாற்றிச் செய்தால் பணம்தான் வீண்.

கார் தயாரிப்பவர்களும் இதையேதான் பெரிய அளவில் செய்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு ஹைட்ராலிக் தூண்களை வைத்து, மோசமான சாலையில் ஓடுவது போல வண்டியை நின்ற இடத்திலேயே உலுக்கிக் கேட்பார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரிலும் அரசு அமைத்த வாகனச் சோதனை மையங்களில் இதற்கென்றே விதவிதமான தடங்கள் போட்டிருக்கிறார்கள். நமக்குக் கீழக்குயில்குடி ரோடும் தெருமுனை வேகத்தடையும் போதும்.

மதுரைப் பக்கம் சத்தத்தைத் தேடுபவர் மறக்கக் கூடாத இன்னொன்று வெயில். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி சாதாரணம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேல்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். இரும்பை விடப் பிளாஸ்டிக் பல மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர்கூட விரியாது. அதன் மேல் மாட்டிய பிளாஸ்டிக் பேனல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை விரியும். விரிந்தால் சில இடங்களில் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். வேறு சில இடங்களில் நெருக்கி உரசத் தொடங்கும். காலையில் கத்திய டேஷ்போர்டு மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் வாயே திறக்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம். ஓட்டுபவர் பொய் சொல்கிறார் என்று மெக்கானிக்கும், மெக்கானிக் அக்கறையில்லாதவர் என்று ஓட்டுபவரும் நினைத்துக்கொள்வார்கள். சத்தம் காலையில் வருமானால் வண்டியைக் காலையில் காட்டுங்கள். ஏசி போட்டுக் குளிர்ந்த பிறகு வருமானால் ஏசி போட்டபடியே கொண்டுபோங்கள்.

தேடும்போது ஓட்டுபவர் கேட்கவே வேண்டாம், ஓட்டட்டும். கேட்பதற்கு வேறொருவர் வேண்டும். ஓட்டிக்கொண்டே குனிந்து காதை வைத்துத் தேடுவது விபத்துக்கு வழி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஓட்டுநர் இருக்கையில் இருந்து திசை பிடிபடுவதே கஷ்டம். ஒரு சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை இடம் வலம் பிரிக்கிறது; அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றிலும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உள்ள சின்ன அறைக்குள், சத்தம் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வராத திசையிலிருந்து வருவது போலக் கேட்கும். பெல்ட் மாட்டும் தூணில் தட்டுவது டேஷ்போர்டில் தட்டுவதாகத் தோன்றும்.

ஆகவே காதை விடக் கையை நம்புங்கள். பேவர் பிளாக் தெருவில் மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் வண்டி போகட்டும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு பேனலையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கட்டும். குளோவ் பாக்ஸ் மூடி, ஏசி காற்று வரும் சட்டம், ஸ்டீரியோவைச் சுற்றிய பட்டை, கதவு உள்பலகை, மேலே கைப்பிடி, வெயில் தடுப்பு என ஒவ்வொன்றாக. எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். பிறகு அவர் பின்சீட்டுக்குப் போய் அதையே செய்யட்டும். பெல்ட் எப்போதும் போட்டிருக்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் போனில் பதிவை ஓடவிட்டு ஒருமுறை டிக்கியிலும் ஒருமுறை பின்சீட்டிலும் ஒருமுறை முன்னாலும் வைத்து, அதே தெருவில் ஓட்டிவிட்டு வந்து ஒப்பிட்டுக் கேட்கலாம்.

நிறுத்திய வண்டியிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனையும் உண்டு. ஒரே சீரான ஒலியை எழுப்பும் செயலிகள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. காரின் ஸ்பீக்கர்களில் இணைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். கதவுப் பலகைக்குள் தளர்ந்த ஒயர், கழன்ற கிளிப், ஸ்பீக்கர் ஜாலி எல்லாம் தத்தம் ஹெர்ட்ஸ் எண் வந்ததும் ஆடிக் காட்டும். வெளிக்கடையில் ஸ்பீக்கர் மாட்டிய வண்டிகளில் கதவுச் சத்தத்துக்கு இதுபோல வேறு வழி கிடையாது.

என் அனுபவத்தில் தேடலைப் பின்னாலிருந்து தொடங்குவது நல்லது. முன்னால் கேட்பதாகத் தோன்றும் சத்தங்களில் பல பின்னாலிருந்து வருபவை. ஹேட்ச்பேக் கார்களில் முதல் சந்தேகம் பார்சல் ட்ரே மேல்தான். அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத பின்சீட்டின் பெல்ட் நாக்கு, தூணில் தட்டிக்கொண்டே வரும். மடக்கும் சீட்டின் முதுகுப் பூட்டு, ஹெட்ரெஸ்ட் கம்பிகள், நம்பர் பிளேட் எல்லாம் பார்க்க வேண்டியவை. டிக்கிக் கதவின் இரண்டு ஓரத்திலும் ரப்பர் குமிழ் இருக்கும்; அவற்றைக் கொஞ்சம் வெளியே திருகினால் மூடிய கதவு இறுகும். இந்த ஒரு நிமிட வேலை பல வண்டிகளில் போதுமானது. கதவுகளில் கண்ணாடியை முழுதாக ஏற்றியும் பாதி இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். பாதியில் மட்டும் ஆடினால் கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் தேய்ந்திருக்கிறது.

ஊருக்கு வெளியே, காலி மனைக்கும் வேப்பமரத்துக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள ஜாலி வழியாகச் சருகும் வேப்பங்கொட்டையும் உள்ளே விழும். ஏசி புளோயரில் அது மாட்டினால், விசிறி வேகத்தைக் கூட்டும்போது 'டிர்ர்' வேகமாகும், அணைத்தால் நிற்கும். டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. பல கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை எடுத்தால் பாதி குப்பை கையோடு வரும். எலி வந்து போகும் வண்டியில் பானெட்டுக்குள் தேங்காய் நாரும் கொட்டைகளும் சேர்ந்திருக்கும். அங்கே சத்தத்தை விட்டுவிட்டு முதலில் ஒயர்களைப் பாருங்கள். கடித்த ஒயர் தீப்பிடிக்கவும் வழி.

சரிசெய்ய அதிகப் பொருள் வேண்டாம். பின்பக்கம் பசை உள்ள ஃபெல்ட் துணிப் பட்டை, மெல்லிய ஃபோம் டேப், கேபிள் டை, அந்தந்த மாடலுக்கான கிளிப்புகள், சிலிகான் ஸ்ப்ரே. உரசும் இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் ஃபெல்ட்; மோதும் இடத்தில் ஃபோம்; ஆடும் ஒயருக்கு டை. உடைந்த கிளிப்புக்குப் பதில் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள். அடுத்தமுறை யாராவது கழற்ற வேண்டி வந்தால் பேனலே உடையும். கதவு ரப்பர் பீடிங் கிறீச்சிட்டால் துடைத்துவிட்டு, துணியில் சிலிகான் ஸ்ப்ரே எடுத்துத் தடவுங்கள். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிகான் எதுவும் பிரேக் டிஸ்க்கிலும் பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் படக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2022 முதல் முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் கட்டாயம். ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டின் இடப்பக்கத்திலும் அவை இருக்கும். சில மாடல்களில் கதவோரத் தூண்களிலும் கூரை ஓரத்திலும் உண்டு. அந்த மூடிகளுக்குப் பின்னால் ஃபோம் திணிப்பதும், வெளியே டேப் ஒட்டுவதும், மஞ்சள் நிற ஒயர் சாக்கெட்டைப் பிடுங்குவதும் உயிரோடு விளையாடுவது. அங்கே சத்தம் வந்தால், அந்த வேலையைப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

வண்டிக்கு அடியில் தகரம் அதிர்வது போன்ற சத்தம், அதுவும் ஐட்லிங்கில் வந்தால், பெரும்பாலும் சைலன்சருக்கு மேலிருக்கும் ஹீட் ஷீல்டு. போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கும். சில பட்டறைகளில் "இது எதுக்குண்ணே" என்று வெட்டி எறிந்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். சைலன்சர் சூடு தரைத்தகட்டிலும் பெட்ரோல் பைப்பிலும் ஏறாமல் தடுப்பது அதுதான். பெரிய வாஷரோ இரும்பு ஹோஸ் கிளாம்ப்போ போட்டு இறுக்கினால் போதும். செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று கூடச் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளே மிதித்து உதிர்க்கட்டும் என்று விடும் வழக்கம் தென் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. அந்தச் செடிகள் அச்சில் சுற்றிக்கொண்டு சரசரக்கும். சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். அடியிலிருந்து சரசரப்போ புகை வாசனையோ வந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாத சத்தங்கள் சில. சின்னப் பள்ளத்திலும் முன்னால் 'டக் டக்' என்று தட்டினால் லிங்க் ராடோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் போகும்போது 'டக டக' என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் 'ஹூம்' என்ற முனகல் வீல் பேரிங். பிரேக் மிதித்தவுடன் இரும்பு உரசினால் பிரேக் பேட் முடிந்துவிட்டது. பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ வந்தபின் ஒரு சக்கரத்தில் மட்டும் புதிதாகத் தட்டினால் உடனே நிறுத்தி வீல் நட்டுகளை இறுக்குங்கள். சத்தம் வராவிட்டாலும், சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மெக்கானிக்கிடம் போகும்போது சாவியைக் கொடுத்து "சத்தம் வருது, பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நல்ல மெக்கானிக் என்றால் அவரே கேட்பார்: "அண்ணே, எப்ப வருது? பள்ளத்துல விழுறப்பவா, திருப்புறப்பவா? காலையிலயா, ஓடுனப்புறமா?" அதற்கான பதில்கள் இப்போது உங்களிடம் இருக்கும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வருகிற அதே தெருவில், வருகிற அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அவர் தன் காதால் கேட்டு, எங்கே என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு மட்டும் எதையும் கழற்ற அனுமதியுங்கள்.